ஏற்றத்தில் நிற்கிற வண்டி

கணவன் இறந்த பிறகு அண்ணி அந்த வேனை முதன்முதலாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போன அன்றைக்கே அது ஏற்றத்தில் நின்றது. வண்டி நின்றது கூடப் பெரிதில்லை, நின்ற இடம்தான் அவள் ஈரக்குலையை நடுங்க வைத்தது. அவன் உயிர் போனதும் அதே இடத்தில்தான்.

அண்ணி என்பது அவள் பெயரில்லை. சலவைக்கூடத்தில் கூடவே வேலை பார்க்கும் நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சோப்புத்தூள் கொண்டுவந்து இறக்குகிறவன் முதல் எதிர்க்கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப் போயிருந்தாள். நாத்தனாரைச் சின்னவள் என்பார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துப்போகாமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டோடு இருந்துகொண்டு, இஸ்திரி மேஜையைத் தன் ராஜ்யமாக்கிக்கொண்டவள். அவள் மடித்த விரிப்பை யார் மடித்ததென்று கேட்கவே வேண்டாம். ஓரம் பிசகாமல் மடித்து, கடைசி மூலையை உள்பக்கமாகச் செருகி விடுவாள்.

சலவைக்கூடத்துக்குச் சோறு போட்டது அந்த ஆஸ்பத்திரிதான். ஊருக்கு மேலே, வளைந்து வளைந்து ஏறும் சாலையின் முடிவில் இருந்தது. அழுக்கு விரிப்புகள் கீழே இறங்கும், வெளுத்தவை மேலே ஏறும். அத்தனை வருஷமும் ஏற்றி இறக்கியவன் அண்ணியின் கணவன். வேன், யாரோ ஓட்டித் தள்ளிய பழைய டீசல் வண்டி. கதவை இழுத்துச் சாத்தினால் ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும், கண்ணாடியை ஏற்றினால் கதவு திறந்துகொள்ளும். அவன் அதைத் திட்டிக்கொண்டே ஓட்டுவான். மற்றவர்கள் திட்டினால் மட்டும் பொறுக்க மாட்டான்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், முழுச் சுமையோடு மேலே போனவன், உச்சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள வளைவில், சாலை ஓரத்து நாற்றுப்பண்ணைக்கு எதிரே வண்டியை நிறுத்தியபடி இருக்கையிலேயே இறந்து போனான். மாரடைப்பு. பண்ணை வைத்திருக்கும் அம்மாதான் பார்த்து ஆள் கூப்பிட்டாள். செய்தி கேட்டு அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது அவனை ஒரு தள்ளுகட்டிலில் கிடத்தி மூடியிருந்தார்கள். மூடிய விரிப்பில் கடைசி மூலையின் செருகல் இன்னும் கலையாமல் இருந்தது. வண்டியிலிருந்த சலவை மூட்டையிலிருந்தே உருவி எடுத்திருக்க வேண்டும். அண்ணி அதைச் சின்னவளிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை.

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். யாரிடமும் சொல்கிற வார்த்தைதான், யோசிக்காமலே சொல்லியிருப்பார். ஆனால் அது தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதனால்தான் முதல் தடவை வண்டி நின்றபோது அவள் அப்படிப் பயந்தாள். ஏறிக்கொண்டே இருந்த வண்டி, அந்த வளைவை நெருங்கியதும் சத்தம் தேய்ந்து போனது. ஆக்சிலரேட்டரை மிதித்தாள். பஞ்சுமூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், அப்புறம் அணைந்து போனது. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சூடான இரும்பு அங்கங்கே டிக், டிக் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. இருக்கைக்குப் பின்னால், கீழேயிருந்து, தொண்டையில் தண்ணீர் இறங்குவது போல ஒரு களகளப்பு. அதைத் தொடர்ந்து நீளமாக ஒரு பெருமூச்சு. நாள் முழுக்க அலைந்தவன் கட்டிலில் சாய்ந்ததும் விடுவானே, அது போல.

"என்னங்க?" என்றாள் அண்ணி. தான் கேட்டோம் என்பதே கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாவியைத் திருப்பினாள். வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பி, ஆஸ்பத்திரி வாசல்வரை முனகாமல் ஏறியது.

பெருமூச்சை மட்டும் தனக்குள் வைத்துக்கொண்டு, வண்டி நின்ற கதையைச் சின்னவளிடம் சொன்னாள். சின்னவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண் கலங்க, அண்ணனுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். அன்றிலிருந்து அண்ணி திரும்பி வரும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பாள். இன்றைக்கு நின்றதா என்று கேட்பாள். நின்றது என்றால் முகம் மலரும். நிற்கவில்லை என்றால் கொடுத்த பொருளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது போல வாடிப் போவாள். ஆனால் வண்டியில் ஏறச் சொன்னால் மட்டும் ஏற மாட்டாள்.

வண்டியும் தினமும் நிற்கவில்லை. சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. சமதரையில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஏற்றத்தில்தான் நிற்கும். அதிலும் பெரும்பாலும் அந்த வளைவில்தான். எப்போது நின்றாலும், அணைந்த பிறகு அந்தப் பெருமூச்சு வரும். அண்ணி பயந்தாள். பயந்துகொண்டே அதற்காகக் காத்திருக்கவும் செய்தாள். இரண்டுமே உண்மைதான்.

ராத்திரி படுத்தால் வேறொரு எண்ணம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டிக்கு இந்த நோய் இப்போதுதான் வந்ததா? அன்றைக்கே இருந்திருந்தால்? நெஞ்சு வலிக்க வலிக்க அவன் ஆஸ்பத்திரியை நோக்கித்தான் ஓட்டியிருக்கிறான். அந்த நேரத்தில் இந்தப் பாழாய்ப்போன வண்டி நின்று தொலைத்திருந்தால்? அப்படியென்றால் டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்ச நேரத்தைத் தின்றது இந்த வண்டிதானே.

தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியவில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னபோது சின்னவள் குறுக்கே வந்து நின்றாள். "சரி பண்ணிடாதீங்க அண்ணி. அண்ணன் அங்க மட்டும்தான் வராரு."

அண்ணி சாவியை எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக்கைக் காது என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவருடைய பட்டறை, இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே தகரம் வேய்ந்த ஒரு சந்து. கணவனுக்கு நெடுநாள் சிநேகிதர். அண்ணி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தானே வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறி இறங்கி வந்தார். ஒரு இருமல் கூட இல்லை.

"டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போற பல்வலி மாதிரி அண்ணி இது. இருக்கும்போது காட்டாது, காட்டும்போது நாம இருக்க மாட்டோம்."

முதலில் டீசல் வடிகட்டியை மாற்றினார். இனிமேல் நிற்காது என்றார். அடுத்த தடவையே நின்றது. அப்புறம், தொட்டியிலிருந்து டீசலை இழுத்துக்கொடுக்கும் பம்பை மாற்றினார். சில நாள் ஒழுங்காக ஓடியது. காது மீசையைத் தடவிக்கொண்டார். மறுபடி நின்றது. காற்று எங்கேயாவது நுழைகிறதா என்று குழாய்க்கு நடுவில் கண்ணாடி போன்ற ஒரு துண்டு டியூபைச் செருகி, உள்ளே குமிழி ஓடுகிறதா பார்த்தார். குமிழியும் இல்லை. அண்ணி அவரை வளைவில் நின்ற வண்டியைப் பார்க்க ஒரு தடவை அவசரமாக வரவழைத்தாள். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. கோபத்தில் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். கணவன் இறந்த பிறகு அண்ணி சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக வேறு ஒரு வழி செய்தார். வண்டித் தொட்டியைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கேனில் டீசல் ஊற்றி, அதை இருக்கைக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, அதிலிருந்து இன்ஜினுக்கு நேராகக் குழாய் இழுத்தார். இப்படியே ஓட்டிப் பாருங்கள், நின்றால் கோளாறு இன்ஜின் பக்கம், நிற்காவிட்டால் தொட்டிப் பக்கம் என்றார். அண்ணி அந்தக் கேனோடு, டீசல் நாற்றத்தோடு, சுமை ஏற்றியும் இறக்கியும் ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டினாள். வண்டி ஒரு தடவை கூட நிற்கவில்லை. சின்னவள் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தொட்டியை இறக்கி, அடியில் கிடந்த டீசலைத் தட்டில் கவிழ்த்தபோது அண்ணி பக்கத்தில் இருந்தாள். கறுப்பாகக் கொஞ்சம் வண்டல் வந்தது. அதோடு வட்டமாக ஒரு தாள் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தால் அதற்கடியில் வாயை மூடி ஒட்டியிருக்குமே, அந்த வெள்ளித்தாள். மேலே இருந்த எழுத்தெல்லாம் கரைந்து, தொட்டால் பிசுபிசுத்தது.

காது அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சமதரையில் இன்ஜின் டீசலை உறிஞ்சிக் குடிக்கும். ஏற்றத்தில் அதற்குத் தாகம் அதிகம், மடக் மடக்கென்று இழுக்கும். இழுக்கும் வேகத்தில் இந்தத் தாள் போய்க் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டி வண்டி அணைந்துவிடும். அணைந்ததும் இழுப்பு நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் தாள் தானாக விடுபட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். திரும்பக் கிளப்பினால் ஒரு தடங்கலும் இருக்காது.

"விடுபடும்போது சத்தம் வருமா?" என்று கேட்டாள் அண்ணி.

"வரும். குழாய்ல நின்ன டீசல் திரும்ப இறங்கும், களகளன்னு. கூடவே காத்து போற மாதிரி ஒரு சத்தம் வரும். நீங்க கேட்டிருக்கீங்களா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் இரண்டாவது தடவையாகச் செத்துப்போனது போல இருந்தது. இந்தத் தடவை யாரிடமும் சொல்லி அழக்கூட வழியில்லை.

தாள் தொட்டிக்குள் எப்போது விழுந்திருக்கும் என்று கேட்டாள். காது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து இந்த அளவுக்குக் கரைய வேண்டும் என்றால் ரொம்ப நாள் ஊறியிருக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் அவன் ஓட்டும்போதும் நின்றிருக்குமா? நின்றிருக்கும். நிச்சயம் நின்றிருக்கும். பட்டறையைத் தாண்டித்தான் தினமும் போவான், டீ குடிக்க உட்காருவான், உலகத்துக் கதையெல்லாம் பேசுவான், வண்டி நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்றார் காது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் சின்னக் கோபம் இருந்தது.

அண்ணிக்கு முள் இன்னும் ஆழமாக இறங்கியது. அப்படியானால் வண்டிதான்.

மறுநாள் காலையில் காது தொட்டியைத் திரும்ப மாட்டிக்கொடுத்ததும் நேராக வளைவுக்கு ஓட்டினாள். வண்டி நிற்கவில்லை, அவள்தான் நிறுத்தினாள். நாற்றுப்பண்ணை அம்மா, முட்டிவரை சேற்றோடு, பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். அண்ணியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, கவிழ்த்துப் போட்ட செடித்தொட்டி ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அவர் வண்டி இங்கே அடிக்கடி நிற்குமா என்று அண்ணி கேட்டாள். நிற்கும் என்றாள் அந்த அம்மா. இருமிக்கொண்டே வந்து, சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கும். அவர் இறங்க மாட்டார். பதற்றப்பட மாட்டார். அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டுவார். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று சிரிப்பார். தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் கிளப்பிக்கொண்டு போவார். சில நாள் ஒரு செடி கூட வாங்கிப் போவார். செடி எதுவும் வீட்டுக்கு வந்ததில்லையே என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் யாருக்காவது கொடுத்திருப்பான். அது அவன் வழக்கம்தான்.

"அன்னைக்கும் அப்படித்தான் இருமிக்கிட்டு வந்துச்சா?"

அந்த அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லம்மா. அதைத்தான் நானும் பல நாள் யோசிச்சேன். அன்னைக்கு வண்டியில ஒரு சத்தமும் இல்ல. நல்லா ஓடி வந்துச்சு. அவரேதான் ஓரங்கட்டினாரு, சாவியைத் திருப்பி அணைச்சாரு. எனக்கு எப்பவும் போலக் கையைத் தூக்கிக் காட்டினாரு. தலையைச் சாச்சுக்கிட்டாரு. நான் எப்பவும் போலன்னு நினைச்சு, உள்ள தண்ணி விடப் போயிட்டேன்."

"வண்டி நிக்கலையா?"

"நிக்கல."

அண்ணி எழுந்தாள். ஏதோ சொல்லிவிட்டு வந்தாள், என்ன சொன்னோம் என்று அவளுக்கே நினைவில்லை. வேனுக்குள் ஏறி உட்கார்ந்தாள். முன்கண்ணாடி வழியாக மேலே பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும், மாடியில் உலர்த்திய துணிகளும் தெரிந்தன. அவ்வளவு பக்கம். ஓடுகிற வண்டி, பிடித்த ஸ்டியரிங், கண்ணெதிரே ஆஸ்பத்திரி. இந்த மனுஷன் ஓரங்கட்டி, அணைத்துவிட்டு, கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். வண்டிக்குச் சரியானது போல நெஞ்சுக்கும் சரியாகிவிடும். இதற்கு முன்னாலும் அப்படிச் சரியாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு நிதானமாக ஒருவன் சாய்ந்துகொள்வானா?

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன் போன பிறகு முதன்முதலாக அவன்மேல் வந்த கோபம். பக்கத்து இருக்கையைப் பார்த்து, "ஏன்யா, ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டாள். வண்டிக்குள் வெயில் மட்டும்தான் இருந்தது. இரும்பு கூடச் சொடுக்கவில்லை. அந்த அமைதி, முன்பு கேட்ட பெருமூச்சைவிட அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

சலவைக்கூடத்துக்குத் திரும்பியதும் சின்னவளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளித்தாளைச் சொன்னாள், பெருமூச்சைச் சொன்னாள், நாற்றுப்பண்ணை அம்மா பார்த்ததைச் சொன்னாள். கடைசியாக, அந்த விரிப்பையும் சொன்னாள். சின்னவள் இஸ்திரி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. ஆனால் அவள் முகத்தில் வேறு ஏதோ ஓடியது.

"உட்கார்ந்தா சரியாயிடும்னு சொன்னாராமா அண்ணன்?"

"ஆமா."

சின்னவள் கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னாள். "எனக்கும் அப்படித்தான் அண்ணி போயிடுது."

அண்ணிக்குப் புரியவில்லை. எது போகிறது என்று கேட்டாள். சின்னவள் நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்தாள். மாடிப்படி ஏறினால், ஈரத்துணிக் கூடையைத் தூக்கினால், இங்கே ஒரு கல்லை வைத்து அழுத்துவது போல இருக்கும், இடது கை மரத்துப் போகும், கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும் என்றாள். அண்ணன் போன துக்கத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, அண்ணன் போவதற்கு முன்னாலிருந்தே என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப இருக்கா?"

"காலையிலேர்ந்து லேசா இருக்கு. இன்னைக்கு உட்கார்ந்தும் போகல."

அண்ணி அடுப்பை அணைத்தாளா, கதவைப் பூட்டினாளா என்பதெல்லாம் பிறகு எதிர்க்கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வேனின் முன்னிருக்கையில் ஏற்றினாள். அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்றிருந்தவள் மறுக்காமல் ஏறினாள். கால் வைக்கும்போது மட்டும் அண்ணன் உட்கார்ந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஏற்றம் தொடங்கியதும் சின்னவளுக்கு வேர்க்க ஆரம்பித்தது. முதலில் நெற்றியில், அப்புறம் கழுத்தில். உதடு வெளுத்தது. முதல் வளைவு தாண்டி, இரண்டாவது தாண்டி, நாற்றுப்பண்ணையின் பச்சை வலை தூரத்தில் தெரிந்தபோது, "கொஞ்சம் நிறுத்துங்க அண்ணி. இங்க கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்," என்றாள்.

அது அவள் குரல்தான். ஆனால் அந்த வார்த்தை அவளுடையது இல்லை. அதே நேரத்தில் வண்டி தளர்ந்தது. ஆக்சிலரேட்டர் பஞ்சானது. இன்ஜின் சத்தம் தேய்ந்தது. தொட்டி சுத்தமாக இருக்கிறது, தாள் காதின் பட்டறைக் குப்பையில் கிடக்கிறது, அவளே கண்ணால் பார்த்தாள். இருந்தும் தளர்ந்தது. ஸ்டியரிங் தானாகவே ஓரத்துப் பக்கம் நழுவியது. யாரோ மெல்ல, அன்பாக, கையைப் பிடித்துத் திருப்புவது போல.

அண்ணி கீழே பார்த்தாள். அவள் கால் ஆக்சிலரேட்டரின் மேல் இல்லை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கில் இருந்ததும் அவள் கைகள்தான்.

"இல்ல. இங்க யாரும் உட்கார வேணாம்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று சின்னவள் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கியரைக் குறைத்தாள், மிதித்தாள். வண்டி உறுமிக்கொண்டு, கறுப்பாகப் புகை விட்டு, வளைவைச் சுற்றி ஏறியது. நாற்றுப்பண்ணை அம்மா குழாயும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் தலை கண்ணாடியில் இடித்தது. மேலே அவசரப் பிரிவு வாசலில், வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில், குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்தியவள் கையை எடுக்கவே இல்லை. காவலாளி திட்டிக்கொண்டே ஓடி வந்தான். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டுத் தள்ளுகட்டிலைக் கொண்டுவர ஓடினான்.

நல்லவேளை, சின்னவள் பிழைத்துக்கொண்டாள். அடைத்துக்கொண்டிருந்த ரத்தக்குழாயில் ஸ்பிரிங் வைத்தார்கள். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். அதே டாக்டர்தான். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நினைவுக்கு வர ரொம்ப நேரமாகவில்லை. இந்தத் தடவை அவர் முன்னாடி, பின்னாடி என்று எதுவும் சொல்லவில்லை.

சின்னவள் வீடு திரும்பி, மாத்திரைகளை முணுமுணுத்துக்கொண்டே விழுங்கி, ஈரக்கூடையைத் தூக்கக் கூடாது என்றால் கேட்காமல் சண்டை போட்டு, ஒருவழியாகப் பழைய சின்னவளாக ஆனாள். இப்போது மேலே போகும்போது அவளும் முன்னிருக்கையில் வருகிறாள். வண்டி நின்றதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

வண்டி நிற்பதில்லை. காது வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கழுவித் தருகிறார். ஆனால் நாற்றுப்பண்ணை வளைவு வரும்போதெல்லாம் அண்ணியின் கால் தானாகக் கொஞ்சம் எழும்புகிறது. இன்ஜின் சத்தம் ஒரு கணம் தேய்கிறது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள். இதை அவள் காதிடம் சொல்லவில்லை. சின்னவளுக்குத் தெரியும். வளைவு நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது தாண்டும்வரை அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.